நிர்மலா அழுத்த மறுத்த பொத்தான்

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில், டி-சர்ட்டின் கை, கழுத்து, உடல் பாகங்களைத் துணி வீணாகாதபடி கணினியில் அடுக்கித் தருவது நிர்மலாவின் வேலை. அந்த அடுக்கை அவள் பேப்பரில் அச்சடித்துக் கொடுத்தால்தான் கட்டிங் மேசையில் கத்தி ஓடும்.

அன்று காலை பழைய கணினி படுத்துவிட்டது. புதியதில் அந்த அடுக்கும் மென்பொருளை ஏற்றப் போனால், தயாரித்தவரின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று திரையில் எச்சரிக்கை. கணினியின் தேதி தப்போ என்று பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. பென்டிரைவில் அந்த மென்பொருளைக் கொடுத்த டீலர் தரணிக்குப் போன் போட்டாள்.

"அது எல்லாருக்கும் வர்றதுதானுங்க. ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணீட்டு ஓகே குடுத்துருங்க."

"அது ஆவாதுங்க," என்றாள் நிர்மலா.

வீரபாண்டியில் முன்பு வேலை பார்த்த இடத்தில், இப்படி ஒருவர் சொன்னாரென்று ஓகே கொடுத்தாள். மறுநாள் மூன்று வருடத்துப் பேட்டர்ன் ஃபைல்களில் ஒன்றுகூடத் திறக்கவில்லை. சொன்னவர் நான் சொல்லவே இல்லை என்று சாதித்துவிட்டார். வேலை போனது இவளுக்கு.

பத்து மணிக்கு முதலாளி லிங்கசாமி வந்தார். துணியை விரித்துவிட்டு எட்டுப் பேர் சும்மா நின்றார்கள்.

"ஏன் அம்மிணி, ஒரு பட்டனுக்கு இத்தன யோசனையா?"

"ஏதாச்சும் ஆனா அவருதான் பொறுப்புன்னு தரணிய எழுதிக் குடுக்கச் சொல்லுங்க சார். இல்லீன்னா நீங்களே அழுத்துங்க. என்ற கை அழுத்தாது."

லிங்கசாமி மவுஸைப் பிடித்தார். எச்சரிக்கையை ஒருமுறை படித்தார். கையை எடுத்துக்கொண்டார்.

"மத்தியானம் வரைக்கும் பாரு. அதுக்கு மேல நான் வேற ஆளத்தான் பாக்கோணும்."

மென்பொருள் கம்பெனியின் சென்னை அலுவலகத்துக்கே அவள் பேசினாள். மூன்று பேரிடம் மாற்றி மாற்றி விட்டார்கள். நான்காவதாக வந்த பெண், "உங்ககிட்ட இருக்கறது ரொம்பப் பழசு மேடம். புதுசு எங்க சைட்லயே இருக்கு" என்றாள். அதை இறக்கினாள், எந்த எச்சரிக்கையும் இல்லாமல் ஏறியது. பன்னிரண்டே முக்காலுக்கு முதல் பேப்பர் வெளியே வந்தது.

சாயங்காலம் தரணி கூப்பிட்டான். "பழைய ஃபைலச் சோதிச்சுப் பாத்தனுங்க, வைரஸ் ஒண்ணுமில்ல. சும்மா பயந்துட்டீங்க."

"இல்லைன்னு உங்களுக்கே இப்பத்தானுங்க தெரியும். காலைல தெரியாதுங்கல்ல?"

அவன் போனை வைத்துவிட்டான்.

'என்னைக் கேட்காமல் இதில் எதையும் ஏற்றக் கூடாது - நிர்மலா' என்று எழுதிக் கணினிக்கு மேலே ஒட்டிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள். மறுநாள் யாரோ கிழித்துப் போட்டிருந்தார்கள். இன்னும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள்.