சிவப்புச் சட்டை கோல்கீப்பர்

இங்கிலாந்தில் கிரிம்ஸ்பி துறைமுகத்துப் பக்கம் பிறந்து வளர்ந்தவள் கெய்னர். பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிப் பரிமாறியே முட்டி தேய்ந்து, இப்போது ஓய்வில் இருக்கிறாள். யார் வம்புக்கும் போகாதவள். பெற்ற தாய் மேல் மட்டும் ஒரு குறை வைத்திருந்தாள். கேட்டால் சிரிப்பீர்கள். கார்ன்பிளேக்ஸ் பெட்டியில் வந்த பொம்மைகளைப் பற்றிய குறை அது.

அவள் சிறுமியாக இருந்த காலத்தில் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு பிளாஸ்டிக் கால்பந்துக்காரன் கிடப்பான். உதைக்கிறவன், தலையால் முட்டுகிறவன், பாய்ந்து பிடிக்கிற கோல்கீப்பர் என்று பதினோரு பேர் சேர்ந்தால் ஒரு அணி. அம்மா டோரீன் அந்த விஷயத்தில் படு கறார். பெட்டிக்குள் கை விடக்கூடாது. பழையது காலியாகாமல் புதுசைப் பிரிக்கக்கூடாது. பொம்மை யார் கிண்ணத்தில் விழுகிறதோ அது அவர்களுக்கு.

தம்பி மால்கமுக்கோ பாலைக் கண்டாலே குமட்டும். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பும் நேரம் பார்த்துத் தன் கிண்ணத்தை அக்காள் பக்கம் தள்ளிவிடுவான். அவளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டையும் காலி பண்ணுவாள். வருகிற ஆட்கள் இரண்டு பேருக்கும் பொது என்று பேச்சு. அப்படித்தான் பதினோரு பேரும் வந்து சேர்ந்தார்கள். பெட்டி சீக்கிரம் தீர வேண்டுமே என்று, சில நாள் பள்ளிவிட்டு வந்தும் ஒரு கிண்ணம் போட்டுத் தின்றிருக்கிறாள்.

சனிக்கிழமை ஆனால் அப்பா மால்கமை மட்டும் ஆட்டம் பார்க்கக் கூட்டிக்கொண்டு போவார். பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்பார். அவன் திரும்பி வந்து சொல்லச் சொல்ல, கெய்னர் சமையலறைத் தரையில் பொம்மைகளை நகர்த்தி அந்த ஆட்டத்தை முழுசாக ஆடிப் பார்ப்பாள். அவள் கண்ட ஆட்டமெல்லாம் அதுதான். வெள்ளைப் பொம்மைகளுக்கு ஷூ பாலிஷால் கறுப்புக் கோடு போட்டு ஊர் அணியாக்கினதும் அவள்தான். அந்தக் காலத்துக் கோல்கீப்பர் சட்டைக்குப் பச்சை வேண்டும். வீட்டில் பச்சை இல்லை. அம்மாவின் நெயில் பாலிஷை எடுத்துச் சிவப்பு அடித்து, அதற்குக் கன்னத்தில் ஒன்று வாங்கினாள்.

பதின்மூன்று வயதில் ஒருநாள் கட்டிலுக்கு அடியில் பார்த்தால், பொம்மைகள் இருந்த பிஸ்கட் டப்பாவைக் காணோம். அம்மா தேவாலயத்துப் பழம்பொருள் விற்பனைக்குக் கொடுத்துவிட்டாள் என்றான் மால்கம். அம்மாவிடம் போய்க் கேட்டதற்கு, நான் அதைத் தொடவே இல்லையே கண்ணு என்றாள். கெய்னர் நம்பவில்லை. அதற்குப் பிறகு வந்த கிறிஸ்துமஸ் ஒவ்வொன்றிலும், சாப்பாட்டு மேசையில் எல்லாரும் சிரிக்கிற மாதிரி அதைக் குத்திக் காட்டாமல் விட்டதில்லை. அம்மா ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோதுகூட, இப்பவாவது ஒத்துக்கோயேன் என்று பாதி விளையாட்டாகக் கேட்டாள்.

"தொடலடி" என்று சொல்லிவிட்டு டோரீன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

போன பிப்ரவரியில், ஊர் அணியின் ரசிகர் மன்றத்தார் பழைய சாமான்களைச் சேர்த்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். மால்கம் போன் பண்ணி, நீயும் அவசியம் வரணும் என்றான். தான் என்ன கொடுத்திருக்கிறான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் வரமாட்டாள் என்று நினைத்தானோ, இத்தனை வருஷத்தில் மறந்திருப்பாள் என்று நினைத்தானோ, அவனுக்கே வெளிச்சம்.

நடுக்கூடத்தில் கண்ணாடிப் பெட்டி. உள்ளே பதினோரு பேர். கறுப்புக் கோடு மங்கியிருந்தது. கோல்கீப்பரின் சிவப்பு அப்படியே இருந்தது. கீழே அட்டையில் மால்கமின் பெயர் மட்டும்.

பக்கத்தில் நின்று அவன் கதை சொல்லிக்கொண்டிருந்தான். இவர்களைச் சேர்க்கத் தினம் இரண்டு கிண்ணம் தின்றானாம், வயிறு வெடிக்கும்வரை. நெயில் பாலிஷைத் திருடி அம்மாவிடம் அறை வாங்கினானாம். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவனுக்கு யாரோ ஊற்றிக் கொடுத்த பால் டீ தொடாமலே ஆறி ஆடை கட்டியிருந்தது.

"இதோ, நம்ம கெய்னர் வந்துட்டா. பொய்யா நெசமான்னு இவளையே கேளுங்க" என்றான்.

எல்லாரும் திரும்பினார்கள். அவளுக்கு அந்த நேரத்தில் கண்ணில் நின்றது சுவர்ப் பக்கம் திரும்பிய ஒரு முகம்தான்.

"ஆமாமா. எங்க வீட்ல பால் செலவு ரொம்ப ஜாஸ்தி" என்றாள். அதற்கும் சிரித்தார்கள். மால்கம் சிரிக்கவில்லை.

மறுநாள் காலையில் ஒரு கார்ன்பிளேக்ஸ் பெட்டியும் பால் பாட்டிலுமாக அவன் வீட்டுக்குப் போனாள். சமையலறைக்குள் நேரே நுழைந்து, கிண்ணம் எடுத்து, விளிம்புவரைக்கும் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள்.

அவன் மனைவி, பாலின் என்று பேர், பதறிப்போனாள். "மால்கமுக்குப் பால் ஒத்துக்காதே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும் கண்ணு. நேத்து ஊருக்கே வேற மாதிரி சொன்னான்."

ஒன்று விடாமல் எல்லாவற்றையும் பாலினிடம் சொன்னாள். மால்கம் மேசை விரிப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

"பாதி டீம் அக்காளோடதுன்னு தெரிஞ்சா பசங்க என்னை ஓட்டியே கொன்னுருப்பாங்க. அதான் டப்பாவ உனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சேன். அப்ப நான் சின்னப் பையன், கெய்னர்."

"சரி, சின்னப் பையன். அம்மா சாகக் கெடந்தப்ப உனக்கு அம்பது வயசுடா. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீதான நின்ன. நான் கேட்டதையும் கேட்ட, அவ சொன்னதையும் கேட்ட."

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நேரம் அமையல."

"இப்ப அமைஞ்சிருக்கு. பொம்மைய நீயே வச்சுக்க, அட்டையில உன் பேரே இருக்கட்டும். அம்மா தொடல, நான்தான் பொய் சொன்னேன்னு இங்க, பாலின் காதுல விழற மாதிரி ஒரு தடவை சொல்லு. முடியாதுன்னா இதைத் தின்னு முடி."

பாலின் புருஷனையே பார்த்தாள். அவன் பாலினைப் பார்த்தான், கிண்ணத்தைப் பார்த்தான். அப்புறம் கரண்டியை எடுத்தான்.

முதல் வாய்க்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஓங்கரித்தான். முழுங்கினான். இரண்டாவது கரண்டிக்குள் வாயைத் திறந்து சொல்லிவிடுவான் என்று நினைத்துத்தான் கெய்னர் அத்தனை நிறைய ஊற்றியிருந்தாள். அவன் நிறுத்தவில்லை. ஊறிப்போனதையெல்லாம் வழித்துத் தின்று, மிச்சப் பாலைக் கிண்ணத்தோடு தூக்கிக் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தான்.

கெய்னர் பெட்டியின் வாயை, நமத்துப்போகாமல் இருக்க அம்மா மடிப்பது போல இரண்டு மடிப்பு மடித்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்பினாள்.