கண்ணுக்குள் வைத்த சூடு

சர்க்கரை வியாதியால் என் வலது கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது, லேசர் வெளிச்சத்தால் சூடு வைக்காவிட்டால் பார்வை போய்விடும் என்று நுவரெலியா ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சூடு என்ற சொல்லைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"வெளிச்சம் எப்படிங்க மிஸ் சுடும்?" என்று அங்கிருந்த தாதியிடம் மெதுவாகக் கேட்டேன். அவளும் என்னைப் போலத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைதான்.

"கொழுந்து எடுக்கிறப்ப இடுப்புல கருப்புப் படங்குத் துணி கட்டுறீங்கதானே அக்கா? வெயில் அடிச்சா அது என்னா சூடு சுடும்! அதே வெயிலு ஜன்னல் கண்ணாடி வழியா வந்தா, கண்ணாடி அப்படிச் சுடுதா? வெளிச்சம் தாண்டிப் போற எடத்துல சூடு இல்ல. கருப்பு எடம் அத உள்ள இழுத்துக்கும், அது சூடாயிரும். உங்க முழி கண்ணாடி மாதிரி. பின்னால கருப்பா ஒரு தோலு இருக்கு. அங்கதான் சுடும்."

"கொஞ்சம் தள்ளிப் பட்டுருச்சுனா?"

"நடுவுல பட்டா பார்வை போயிரும். அதான் அசையக் கூடாதுங்கிறோம்."

விளங்கியது. விளங்கியதும் பயம் இன்னும் கூடியது.

மரத்துப்போகும் மருந்தை விட்டு, கண்ணோடு ஒட்டி ஒரு சின்னக் கண்ணாடி வில்லையை வைத்தார்கள். மெஷினில் நாடியையும் நெற்றியையும் பதித்தேன். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது.

"வலி இருக்கா?" என்று சிங்கள டொக்டர் அம்மா தமிழில் கேட்டார்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கங்காணி எது கேட்டாலும் வாய் திறக்காமல் தலையாட்டியே பழகியவள் நான். ஆட்டிவிட்டேன்.

வெளிச்சத்தை அடிக்கவைக்கும் மிதியிலிருந்து டொக்டர் சட்டென்று காலை எடுத்தார். வெளிச்சம் நின்றது. தாதி ஓடி வந்து பின்னாலிருந்து என் தலையைப் பிடித்தாள்.

"ஐயோ அக்கா, பூம்பூம் மாடு மாதிரி ஆட்டுறீங்களே! இது பெரட்டு இல்ல. வாயத் தொறந்து சொல்லுங்க."

நான் அசைந்தபோது வெளிச்சம் எங்கே விழுந்தது என்று கேட்க வாய் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார்கள். கண்ணின் அடியில் ஊசி குத்துவது போல் சுருக்கென்றது. கழுத்து தானாகத் துள்ளப் பார்த்தது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். அவ்வளவு சத்தமாக நான் யாரிடமும் பேசியதில்லை. டொக்டர் நிறுத்தினார், நான் மூச்சு விடும் வரை பொறுத்திருந்தார், பிறகு முடித்தார்.

வெளியே நீள மர வாங்கில் உட்கார்ந்து இடது கண்ணைப் பொத்திக்கொண்டேன். ஒரே இருட்டு. "கொஞ்ச நேரம் அப்படித்தான் இருக்கும்" என்று தாதி சொல்லியிருந்தாள். நான் நம்பவில்லை, தலையாட்டியதில் கருகிப் போயிருக்கும் என்றே நினைத்தேன். முதலில் ஓரத்தில் ஜன்னல் மங்கலாக வந்தது. நடுவில் எதுவுமில்லை. வெகுநேரம் கழித்து அந்த நடுவிலேயே, எதிரில் இருந்த பெண்ணின் முகம் தெரிந்தது. அவள் கொட்டாவி விட்டாள்.

கையை எடுத்தேன். நம்பிக்கை வராமல் மறுபடி பொத்திப் பார்த்தேன்.