இரண்டாம் பார்ட்

எதிர் ஃபிளாட் பெண் வாட்ஸ்அப்பில் ஒரு நோட்டேஷன் அனுப்பியிருந்தாள். வசந்த காலத்தைப் பற்றிய இசையாம். நாலைந்து பேர் இருந்தால் போதும், எந்த வாத்தியமானாலும் சரியாம். 'அங்கிள், நீங்க கிளாரினெட் வாசிப்பீங்களாமே?' என்று கேட்டிருந்தாள். அது பரணில் கிடக்கிறது. ஏறி எடுக்க முழங்கால் சம்மதிக்க வேண்டும். பதில் போடாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் ஊதும் முனையில் பொருத்துகிற ரீடை, அந்த நாணல் பட்டையை, வாயில் ஊறவைக்கும்போது வரும் ருசி, ஐஸ் குச்சியைச் சப்புகிற மாதிரி, நாக்கில் வந்துவிட்டது.

மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் நாலைந்து பேர் அங்கே கூடி வாசிப்போம். இசை எழுதித் தருவது கணக்கு டீச்சர் ஸ்டெல்லா அக்கா. யாருக்காவது டிரான்ஸ்ஃபர் வரும், யாருக்காவது ஷிப்ட் மாறும். அதனால் வாத்தியத்தின் பெயரே போடாமல் நான்கு பார்ட் எழுதுவார். வந்தவர்கள் பங்கிட்டுக்கொள்ள வேண்டியது.

ஒரு ஈஸ்டருக்கு 'வசந்தம்' என்று எழுதினார். தாம்பரத்தில் வசந்தம் எப்போது வந்து எப்போது போகிறது என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்து வேப்பமரம் பூக்கும், ஃபேன் சுடுகாற்றைச் சுற்றும், அவ்வளவுதான். ஆனாலும் மெட்டு இருந்த முதல் பார்ட் அத்தனை அழகு. அது எனக்குத்தான் என்று நானே முடிவுசெய்து வைத்திருந்தேன். அக்கா அதை மாடம்பாக்கத்து பாஸ்கரிடம், அவனுடைய டிரம்பெட்டுக்குக் கொடுத்தார். எனக்கு இரண்டாம் பார்ட்.

"இன்னா மச்சான், மூஞ்சியத் தூக்கி வெச்சுகினு கீற? வோணும்னா நீயே எட்துக்கோ," என்றான் பாஸ்கர். அந்தப் பெருந்தன்மைதான் இன்னும் எரிந்தது.

ஈஸ்டரன்று ஆபீசில் அவசர வேலை என்று சொல்லியனுப்பிவிட்டேன். நான் இல்லாமல் தடுமாறட்டும். தடுமாறுவதைக் கேட்க வேண்டாமா? சைக்கிளில் போய் சர்ச் மதிலுக்கு வெளியே நின்றேன்.

தடுமாறவில்லை. அக்கா காலால் மிதிக்கும் ஹார்மோனியத்தில் இடது கையில் தன் பார்ட்டையும் வலது கையில் என்னுடையதையும் வாசித்தார். இரண்டாம் பார்ட் என்ன செய்கிறது என்பதே அன்றைக்குத்தான் எனக்குக் காதில் விழுந்தது. பாஸ்கர் மூச்சு வாங்க நிறுத்திய இடத்திலெல்லாம் அது மெட்டைத் தாங்கிப் பிடித்தது.

அடுத்த ஞாயிறு அக்கா, "வேலை முடிஞ்சுதாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

பொய் சொல்ல வரவில்லை. "வெளியதான் நின்னுட்டிருந்தேன்க்கா."

"தெரியும். முடிஞ்சு வெளிய வரும்போது மதிலோரம் உன் சைக்கிளப் பாத்தேன்." தாளை நீட்டினார். "ரெண்டு பேர் வாசிக்கிறத ஒருத்தியே வாசிச்சு விரலெல்லாம் வலிக்குதுப்பா. ஒழுங்கா வா."

அதன்பிறகு பல வருஷம் ஒழுங்காகப் போனேன், முதல் பார்ட் வேண்டும் என்று கேட்காமல்.

அந்த வகுப்பறையை இடித்து பார்க்கிங் ஆக்கிவிட்டார்கள். பாஸ்கர் மாடம்பாக்கத்தில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் போய்விட்டான். பல்செட் கட்டிய பிறகு டிரம்பெட் ஊத முடியவில்லை என்றான். அக்காவை அடக்கம் செய்த அன்று வாசிக்க எங்களில் இரண்டு பேர்கூடத் தேறவில்லை.

இப்போது நான் எங்கே போகாவிட்டாலும் ஒன்றும் குறைவதில்லை. நான் வராததால் இன்னொருவருக்கு விரல் வலித்தது அந்த ஒரு காலத்தில் மட்டும்தான்.