அடுத்தக்கா ஜெயித்த டீ

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க “அடுத்து, அடுத்து” என்று கூப்பிடுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்? அடுத்தக்கா என்றுதான் வைத்தார்கள். கன்னம் வீங்கி வருகிறவர்களுக்கு நடுவே அவள் படித்ததெல்லாம் பதின்வயதுப் பிள்ளைகளுக்கான நாவல்கள். “கழுதை வயசாச்சு, இன்னும் சின்னப் பசங்க கதையா?” என்பார் வீட்டுக்காரர். கல்லூரிக்குப் போகும் மகளே அந்தப் புத்தகங்களைத் தொடமாட்டாள்.

சிரிக்காத ஒரே ஆள், அங்கே எக்ஸ்ரே எடுக்கும் தம்பி. அவனுக்குக் கதை ஆகாது. எறும்பு, உப்பு, எரிமலை என்று தகவல் புத்தகங்கள்தான். நாவலா நிஜமா, பார்த்துவிடலாம் என்று இருவரும் போட்டி வைத்தார்கள். மாதம் ஆளுக்கொரு புத்தகம் மாற்றிக்கொள்வது, மனசில் நின்ற இடத்தைச் சொல்லி எது ஜெயித்தது என்று தீர்ப்பு சொல்வது, தோற்றவர் டீ வாங்குவது. முக்கி முனகியாவது அவன் புத்தகங்களை அட்டை முதல் அட்டை வரை அவள் படித்தாள். ஆனால் ஒவ்வொரு மாதமும், “உங்க நாவல்தான்க்கா ஜெயிச்சுது” என்று அவனே முந்திக்கொள்வான். அவளுக்குத் தலைகால் புரியாது. வீட்டில் சல்லிக்காசு பெறாத தன் ரசனையை மதிக்க ஒரு மனுஷனாவது இருக்கிறானே.

இந்த முறை, அண்ணனும் தங்கையும் ரயில் நிலையத்தில் பிரிகிற நாவல். நூலகப் பிரதியைப் படித்து அழுதவள், அவன் படிப்பதற்கென்றே கடையில் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுத்தாள். “அந்த ஸ்டேஷன் இடம் இருக்கே அக்கா, கலங்கிட்டேன்” என்று திருப்பிக் கொடுத்தான்.

மதியம் அந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாமே என்று பிரித்தாள். அண்ணன் பெட்டியைத் தூக்குகிறான். பக்கத்தைத் திருப்பினால் தண்ணீர் மோட்டாரைக் கழற்றி மாட்டுவது எப்படி என்று படத்தோடு விளக்கம். பைண்டிங்கில் வேறு புத்தகத்தின் தாள்களை வைத்துத் தைத்திருக்கிறார்கள். மோட்டார் முடிந்து கதை தொடரும்போது ரயில் போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பிரிவு என்ற ஒன்றே அந்தப் பிரதியில் இல்லை.

அப்படியானால் இவன் எங்கே கலங்கினான்? நூலகப் பிரதியைப் படித்த கையோடு அவள் தன் தங்கையிடம் போனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அந்தக் கட்டத்தைச் சொன்னபோது, பக்கத்தில் நின்று எக்ஸ்ரே படங்களை உறையில் போட்டுக்கொண்டிருந்தவன் இவன்தான். புத்தகத்தை எடுத்துக்கொண்டு எக்ஸ்ரே அறைக்குப் போனாள்.

“தம்பி, இதுல மோட்டார் வருதே, பார்த்தியா?”

பார்த்தவன் அசடு வழிந்தான். “நீங்க சொல்றதைக் கேட்டாலே படிச்ச மாதிரி ஆயிடுதுக்கா.”

“இத்தனை மாசத்துல ஒண்ணாவது படிச்சியா?”

“சின்னப் பசங்க கதைதானேக்கா. ஜெயிச்சா நீங்க சந்தோஷப்படுறீங்க, அதான்...”

வீட்டில் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுப் பழகிய அதே வார்த்தை. வீட்டுக்காரராவது முகத்துக்கு நேரே சொன்னார். இவன் கூட இருந்தே குழி பறித்தான். இத்தனை நாள் வெற்றி என்று அவள் குடித்த டீயெல்லாம் இரக்கப்பட்டு ஊற்றியது.

அவனுடைய எறும்புப் புத்தகம் அவள் பையில் இருந்தது, கடைசி அத்தியாயம் பாக்கி. தூக்கி எறியத்தான் கை போனது. ஆனாலும் அன்று வீட்டுக்குப் போய் அதைப் படித்து முடித்தாள். நன்றாக வேறு இருந்து தொலைத்தது. அதில்தான் கோபம் இன்னும் கூடியது.

மறுநாள் புத்தகத்தையும், தோற்றவள் வாங்க வேண்டிய டீயையும் அவன் முன்னால் வைத்தாள்.

“உன் புக்குதான் ஜெயிச்சுது. நான் படிச்சுட்டுத்தான் சொல்றேன்.”

அவன் வாயைத் திறப்பதற்குள் தன் மேசைக்குப் போய், “அடுத்து” என்று கூப்பிட்டாள்.