கிரேன்காரரின் படபடப்பும் டாக்டர் கனகவல்லியும்

டாக்டர் கனகவல்லி காலமான செய்தி வந்தபோது நான் பொன்னேரி சந்தையில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கவாதம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்று அவர் மகள் போனில் சொன்னாள். நான் வீடு சேர்வதற்குள் கைப்பேசி நிறைய இரங்கல்கள். கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றின் நிர்வாகம், தாமரைப் பூவின் நடுவே அவர் படத்தை ஒட்டி, 'முழுமையான மனநலத்தின் வழிகாட்டி' என்று எழுதி அனுப்பியிருந்தது. உயிரோடு இருந்தபோது அதே ஆலை அவரைக் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்க வைத்தது. அவரை அறிந்த உங்களுக்காக அந்தக் கதையை எழுதுகிறேன். தாமரைப் பூவில் படம் ஒட்டி அனுப்பியவர்களும் படித்துக்கொள்ளட்டும்.

அவர் பொது மருத்துவர். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த அவருடைய கிளினிக்கில் நான் செவிலியாக இருந்தேன். ஒரு நாள் அந்த ஆலையின் கிரேன் ஓட்டுநர் ஏசுபாதம் தன் மனைவி ஸ்டெல்லாவோடு வந்தார். கையில் ஒரு பை நிறைய ஈசிஜி தாள்கள்.

"கிரேன் மேல ஏறுனா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்குது டாக்டர். கை நடுங்குது. இதோ செத்துடப் போறேன்னு தோணுது. எங்க போனாலும் ஒண்ணுமில்ல, ஊட்டுக்குப் போன்னு சொல்றாங்க."

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்ளோ ஆஸ்பத்திரி ஏறி எறங்குன? அப்படிச் சொன்னவங்களுக்குக் கேக்க நேரமில்லப்பா, அவ்ளோதான்" என்றார் டாக்டர்.

அவர் கேட்டார். எப்போது தூங்குகிறாய்? வாராவாரம் ஷிப்ட் மாறுகிறது. பகலில் தகரக் கூரைக்கு அடியில் புரள்வதுதான் தூக்கம். என்ன சாப்பிடுகிறாய்? காலையில் நாஷ்டா கிடையாது, டீ மட்டும், கணக்கில்லாமல். இது எப்போது ஆரம்பித்தது? ஏசுபாதம் ஈசிஜி தாள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்தார். பிறகு, உருகிய இரும்பு தெறித்துத் தன் கண்ணெதிரே ஒரு கூட்டாளி கருகியதைச் சொன்னார். மறுநாளே அதே இடத்துக்கு மேலே கிரேன் ஓட்டச் சொன்னார்களாம்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே டாக்டர்" என்று ஸ்டெல்லா அழுதாள். "கை நடுங்குறதப் பாத்து மனுசன் குடிக்கிறாருன்னு நான் சண்ட போட்டுக்கினு கெடந்தேன்."

ரத்தசோகை, தைராய்டு எல்லாம் பார்த்தோம். படபடப்புக்கு டாக்டர் சில மாதங்களுக்கு மாத்திரை எழுதினார். அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவருக்கும் அனுப்பினார். பகல் தூக்கத்துக்கு, கான்கிரீட் கூரை போட்ட ஏசுபாதத்தின் அக்கா வீட்டுக்குப் போகச் சொன்னார். டீயைக் குறைக்க வைத்தார். சர்ச்சுக்குப் போகலாமா என்று ஸ்டெல்லா தயங்கிக் கேட்டபோது, "தாராளமா போ. மாத்திரைய நிறுத்தாம போ" என்றார். படபடப்பு வரும்போது உடம்பு ஆபத்து மணி அடிக்கிறது, அது மாரடைப்பு இல்லை என்று படம் போட்டு விளக்கினார். மூச்சை மெதுவாக விடவும் பழக்கினார். உடம்பு, மனசு, வீடு, வேலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பது என்றால் அவருக்கு அவ்வளவுதான். அதற்கு அவர் பெயர் எதுவும் வைக்கவில்லை.

மிச்சமிருந்தது வேலை. கொஞ்ச நாளுக்கு ஒரே ஷிப்ட் கொடுங்கள் என்று கேட்க அவரே ஆலைக்குப் போனார். நானும் போனேன். வெகுநேரம் காக்க வைத்த பிறகு மேலாளர் வெளியே வந்து, "எங்க ஸ்டாஃபுக்கு நாங்களே ஹோலிஸ்டிக் ப்ரோக்ராம் நடத்துறோம் மேடம்" என்றார். கேட்டை ஒட்டிய, கண்ணாடிச் சுவர் வைத்த ஏசி ஹாலில் அந்த 'முழுமையான மனநல' வகுப்பு அப்போது நடந்துகொண்டிருந்தது. வெள்ளை ஜிப்பா போட்ட ஒருவர், ஸ்பீக்கரில் ஓடைச் சத்தம் ஓட, "பயம் உங்கள் எண்ணத்தில்தான் இருக்கிறது, அதை வெளியே ஊதிவிடுங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்து தூங்கப் போகவேண்டியவர்களை உட்காரவைத்து இந்த உபதேசம். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்கள். அதை ஆழ்ந்த தியானம் என்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

"மூச்சு விடக் கத்துக்குடுக்கறது நல்லதுதான் சார்" என்றார் டாக்டர். "அந்த ஆளு கருகுன எடத்துல ஒரு தடுப்பாச்சும் போட்டீங்களா?"

மேலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். கேட் மூடியது.

கடைசியில் ஷிப்டை மாற்றிக் கொடுத்தவர்கள் மற்ற கிரேன்காரர்கள். தங்களுக்குள் பேசி, ஏசுபாதத்துக்குப் பகல் வேலையை விட்டுக்கொடுத்தார்கள். பாபு என்ற கூட்டாளி தினமும் அவரோடு ஏணியில் ஏறினான். முதலில் பாதி ஏணி. பிறகு மேலே போய்ச் சும்மா உட்கார்ந்துவிட்டு இறங்கினார்கள். மாதங்கள் ஆயின. நடுவில் ஒரு தடவை படபடப்பு திரும்ப வந்து, எல்லாம் போச்சு என்று கிளினிக் வாசலில் உட்கார்ந்துவிட்டார். "திரும்ப வரும்னு சொன்னேனா இல்லியா? எழுந்து வா" என்று டாக்டர் அதட்டினார். இன்று ஏசுபாதம் கிரேன் ஓட்டுகிறார். எப்போதாவது கை நடுங்கினால் நிறுத்திவிட்டு, அடங்கியதும் ஓட்டுகிறார். ஜிப்பாக்காரர், எனக்குத் தெரிந்து, இன்னும் ஊதிக்கொண்டிருக்கிறார்.

டாக்டரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. ஊருக்கெல்லாம் தூக்கத்தின் அருமையைச் சொன்னவர் தான் சரியாகத் தூங்கவில்லை. மதியச் சோற்றை மாலையில் நின்றுகொண்டே தின்பார். பிரஷர் மாத்திரையை நான் ஞாபகப்படுத்தினால், "உன் வேலயப் பாரு" என்பார். அந்த அலட்சியத்தின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

கிளினிக்கை இப்போது டாக்டருக்குப் படித்த அவர் மகள் பார்த்துக்கொள்கிறாள்; நான் அங்கேயேதான் இருக்கிறேன். போன வாரம் ஒரு கம்பெனிப் பெண் வந்தாள். வியர்த்திருந்தது. "ஒண்ணுமில்ல சிஸ்டர், வெறும் பயம்தானாம். சூப்பர்வைசர் சொன்னாரு" என்று வெட்கத்தோடு சிரித்தாள். 'வெறும் பயம்' என்று யாராவது சொன்னால் டாக்டரின் உதடு ஒரு பக்கமாகக் கோணும். அந்தக் கோணல் என் முகத்தில் வந்ததை உணர்ந்தேன். அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான். அந்தக் கோணலை அவளிடம் காட்டாமல் அந்தச் சூப்பர்வைசருக்காக வைத்துக்கொண்டு, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"உக்காரும்மா. காலையில எழுந்ததுலேருந்து சொல்லு."