முருகனுக்குப் போன முதல் பொன்

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கூலிகள் குடியிருந்த லயத்தில் வேலாயுதத்துக்கு ஒரு கிறுக்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கணக்கெழுதும் கிராணி தம்புவின் வீட்டு வாசலில் போய் நின்றுவிடுவான். யாழ்ப்பாணத்துக்காரரான தம்பு, ஆங்கிலப் பத்திரிகையில் வரும் சுரங்கச் செய்திகளை அவனுக்குத் தமிழில் சொல்லவேண்டும். பக்கத்து மாநிலமான பகாங்கில் எந்தக் கம்பெனி எத்தனை அவுன்ஸ் தங்கம் எடுத்தது என்று அவர் சொல்லச் சொல்ல இவன் வாயைப் பிளந்து கேட்பான். தண்டவாளத்தில் சல்லி கொட்டுகிறவனுக்கு அவுன்ஸ் எதற்கடா என்று லயமே சிரிக்கும். சிரிப்பவர்களுக்கு என்ன, லெட்சுமியை இழந்தவர்களா அவர்கள்?

லெட்சுமி, அதே லயத்து ரெங்கசாமியின் மகள். குழாயடியில் அவளைப் பார்த்த நாளிலிருந்து வேலாயுதத்துக்குச் சோறு இறங்கவில்லை. பெண் கேட்டுப் போனான். ரெங்கசாமி குழைந்து பேசுகிற ஆளில்லை.

"தைக்குள்ள ஒரு பவுன் தாலியோட வா. இல்லாட்டி வேற எடம் பாத்துக்குவேன்."

வேலாயுதம் ஆற்றில் பொன் அரிக்க ஒரு வருஷத்துக்குப் பாஸ் எடுத்துக்கொண்டு பகாங் போனான். கிளம்புமுன் பத்துமலையில் வேண்டிக்கொண்டான், முதலில் கிடைக்கும் பொன் முருகனுக்கு என்று. இடுப்பளவு ஆற்றில் நின்று, டூலாங் என்கிற மரத்தட்டில் எட்டு மாதம் மணல் அலசினான். மார்கழியில் ஒருநாள் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி மின்னியது. கூட அலசிய கன்னையா துள்ளினான்.

"இதுலயே தாலி செஞ்சிரு லா. அடுத்தது சாமிக்கு."

வேலாயுதம் கேட்கவில்லை. சாமிக்குச் சொன்னதை எடுத்துத் தாலி செய்தால் அது அவள் கழுத்தில் நிலைக்காது என்று பயந்தான். பத்துமலைக்கு வந்து கட்டியை உண்டியலில் போட்டான். லயம் அங்கிருந்து சில மைல்தான். வெறுங்கையோடு அவள் முன்னால் போய் நிற்கக் கூசிப் பகாங்குக்கே திரும்பிவிட்டான். அதற்குள் அந்த ஆற்றங்கரையை ஒரு கம்பெனி வேலி போட்டு வளைத்துவிட்டது. தையில் லெட்சுமியைக் கிள்ளான் ஊர்ச் சபாபதிக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

பழைய வேலைக்கே லயத்துக்குத் திரும்பிய வேலாயுதம் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அந்த ஆற்றில் தங்கம் வருகிறது என்று கேட்டால், அது தனக்கு வரவேண்டிய இரண்டாவது கட்டி என்று வயிறெரிவான். கேட்காமலும் இருக்க முடியாது. அப்படியே பன்னிரண்டு வருஷம் போயிற்று.

"உன்ரை ஆத்தைக் கொம்பனி மூடிப்போட்டுது. பொன் முடிஞ்சுதாம்," என்றார் தம்பு, ஒரு ஞாயிற்றுக்கிழமை.

அந்த வாரமே ரெங்கசாமி காலமானார். கருமாதிக்கு வந்த லெட்சுமி குழாயடியில் தனியாக நின்றாள். தலையில் இரண்டொரு நரை. வேலாயுதம் அதுவரை யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னான்.

"தங்கம் கெடச்சுச்சு லெட்சுமி. வேண்டுதல்னு பத்துமலையில போட்டுட்டேன்."

அவள் குழாயை மூடிவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"பத்துமலை வரைக்கும் வந்துட்டு, இங்க வராமலா போனீங்க?" என்றாள். "வெறுங்கையோட கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேனே."