இரண்டு பூட்டுகளுக்கு நடுவே

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் நிரல் எழுதிக்கொண்டிருந்தேன். சர்க்யூட் பலகைகளைச் சூடேற்றிச் சோதிக்கும் அடுப்பு ஒன்று அங்கே இருந்தது. அதை இயக்கும் கணினிக்கு இரண்டு பிராசசர். அவற்றுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுக்கும் நிரலை என் மேலாளர் எழுதியிருந்தார். எங்கள் பிரிவிலேயே கெட்டிக்காரர் அவர்தான்.

ஒருநாள் அடுப்பு கண்டபடி சூடாகி ஒரு தட்டுப் பலகைகள் கருகிப்போயின. பழி, அடுப்பைப் பார்த்துக்கொண்ட, நாங்கள் அக்கா என்று கூப்பிடும் தொழிலாளியின் தலையில் விழுந்தது. கடலுக்கு அக்கரையிலுள்ள பாகான் டாலாமிலிருந்து ஃபெரியில் வருகிறவர். வெப்ப வரம்பைக் கணினியில் தட்ட மறந்துவிட்டாராம். மறுநாள் மதியம் விசாரணை. வேலை போய்விடும் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. கேண்டீனில் யாருக்குச் சீனி வேண்டாம் என்பதைக்கூட மறக்காதவர் அவர். விசாரணை நாள் காலையில் நிரலைத் திறந்து படித்தேன். மதியம் நெருங்கியபோது, பாதியில் தூக்கிவாரிப்போட்டது.

ஒரு வேலையை ஒரு பிராசசரிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது, நிரல் முதல் பிராசசரின் வேலை வரிசையை மற்றது தொடாதபடி பூட்டி, வேலையை வெளியே எடுக்கிறது. உடனே பூட்டைத் திறந்துவிடுகிறது. பிறகுதான் அடுத்த வரிசையைப் பூட்டி உள்ளே வைக்கிறது. நடுவில் அந்த வேலை எங்குமே இல்லை. அந்த நேரம் பார்த்து மற்ற பிராசசர் தேடினால், வேலை முடிந்துவிட்டது என்று அழித்துவிடும். அழிந்தது வெப்பத்தைக் கண்காணிக்கும் வேலையென்றால், தட்டிய வரம்பும் அதோடு போய்விடும்; அடுப்பை அணைக்க ஆளில்லை. திரை மட்டும் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும்.

மேலாளரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

“தெரியும்மா. ரெண்டு லாக்கையும் சேர்த்துப் பிடிச்சா, ஒரு பிராசசருக்காக இன்னொண்ணு காத்துக்கிட்டு ரெண்டுமே ஜாம் ஆயிடும் லா. அதான் ஒண்ண விட்டுட்டு ஒண்ணப் பிடிக்கச் சொல்லி எழுதினேன். அவ்வளவு சின்ன கேப்புல என்ன ஆயிடப் போவுதுன்னு நினைச்சேன்.”

மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்திருந்தும் கேண்டீனில் அக்காவின் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

“ரெண்டு லாக்கையும் பிடிக்கட்டும். ஆனா ரெண்டு பிராசசரும் சீரோ நம்பர் பிராசசரோட லாக்கையே முதல்ல பிடிக்கணும். ஜாம் ஆகாது,” என்றேன். “அத அப்புறம் எழுதலாம். இப்ப விசாரணைக்கு வாங்க.”

நாங்கள் போனபோது அக்கா விசாரணை அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன்.

“தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேனே, தங்கச்சி. கம்ப்யூட்டர் எல்லாம் ஓகேன்னு காட்டுச்சு. நான்தான் மறந்திருப்பேன்னு நானே நம்பிட்டேன்.”

மேலாளரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“அப்ப, அந்த வரம்ப நான் தட்டினேனா?”